வெள்ளை முயலும் கிரவல் புழுதியும்

ஆசிரியருக்கு,

எங்கள் வீடு கிளிநொச்சியில் ஒரு கிரவல் ஒழுங்கையோரம். மகளின் வெள்ளை முயல் மத்தியானத்துக்குள் செங்கல் நிறமாகிவிடும். விற்றவர் வாரம் ஒருமுறை சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டச் சொன்னார். சரியென்று ஒருநாள் வாளியில் இறக்கினேன். உதைத்துத் துள்ளியது, பின்னேரம்வரை மூலையில் நடுங்கிக்கொண்டு புல்லையே தொடவில்லை. முயலுக்குக் குளிப்பு ஆகாது, பயத்திலேயே செத்தும் போகலாம் என்று பிறகுதான் அறிந்தேன். இப்போது அழுக்கான இடத்தில் மட்டும் சோள மா தூவி, விரலால் கோதி, மெத்தென்ற பிரஷால் தட்டி எடுக்கிறேன். மா மூக்கில் படக்கூடாது. பின்னங்கால் மஞ்சள் மட்டும் போகவில்லை. அது மூத்திரக் கறை. கூட்டு வைக்கோலைத் தினமும் மாற்றாத என் சோம்பல்தான். விற்பவர்கள் இதையும் சொல்லி விற்கலாமே.

வாசகி ஒருத்தி,
கிளிநொச்சி