யாருக்கு வக்கீல்?

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மூட்டு வலிக்கு ஆஸ்பத்திரிக்கும் நாட்டு வைத்தியருக்கும் மாறி மாறி அலைவதைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சுகம். மாங்காய் விலையைப் பற்றி மட்டும் கேட்காதே.

சரி, உன் மைத்துனர் விஷயம். தக்காளி ஏற்றிப் போன வண்டி விபத்துக்காக மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது, "இன்ஷூரன்ஸ் இருக்கே, கம்பெனி வக்கீலே பார்த்துக்க மாட்டாரா?" என்று கேட்டிருந்தாய். நானே இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக வழக்கு நடத்தும் பேனல் வக்கீல்தான். அதனால்தான் சொல்கிறேன், தனியாக ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்.

ஏன் என்று சொல்ல, நான் சறுக்கிய கதையைத்தான் சொல்லணும். போன மாம்பழ சீசனுக்கு முந்தின சீசனில், பர்கூர் ரோட்டில் மாங்காய் ஏற்றிய ஒரு குட்டியானை, அதுதான் சின்ன சரக்கு வண்டி, கவிழ்ந்தது. அதில் உட்கார்ந்து வந்த ஒருவருக்குக் கால் போய்விட்டது. அவர் எம்.சி.ஓ.பி. போட்டார், அதாவது விபத்து நஷ்டஈட்டு மனு. முதல் எதிர்மனுதாரர் வண்டிக்காரர், இரண்டாவது கம்பெனி. செலவு மிச்சம் என்று கம்பெனி ஆபீசில் வண்டிக்காரரிடமும் எனக்கே வக்காலத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். நானும் யோசிக்காமல் இரண்டு பேருக்கும் ஆஜரானேன்.

அப்புறம் ஒருநாள் வண்டிக்காரர் மஞ்சப்பையில் ஆர்.சி., பாலிசி எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். குமாஸ்தா டீ வாங்கப் போயிருந்தான். மேசை மேல் ஒவ்வொரு தாளாக எடுத்து, கையால் நீவி நீவி வைத்தார். பிறகு குரலைத் தணித்து, "உங்ககிட்ட மறைக்கக் கூடாது சார். அந்தாளு காய்க்குச் சொந்தக்காரர் இல்ல. வழியில கை காட்டினாரு, ஏத்திக்கிட்டேன்" என்றார்.

உனக்கு இது சாதாரணப் பேச்சாகத் தோன்றும். எனக்கு வயிற்றைப் புரட்டியது. சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ போனால் பாலிசி தாங்கும். 1994-இல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 147-ஆம் பிரிவைத் திருத்தி அதைச் சேர்த்தார்கள். லிஃப்ட் கேட்டு ஏறியவருக்குத் தாங்காது என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுவிலோ, அடிபட்டவர் தன்னைக் காய்க்குச் சொந்தக்காரர் என்று போட்டிருந்தார். ஆக, வண்டிக்காரர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் கம்பெனிக்கு லாட்டரி, அவருக்குத் தோட்டமே போகிற விஷயம். இரண்டு பேருக்கும் வக்கீல் நான்.

கம்பெனியிடம் சொன்னால் நம்பி வந்தவரைக் காட்டிக்கொடுத்தவன். சொல்லாவிட்டால் ஃபீஸ் கொடுக்கிறவனை ஏமாற்றியவன். கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 126-ஆம் பிரிவு, புதிய சாக்ஷிய அதினியத்தில் 132. கடைசியில் இரண்டு வக்காலத்தையும் விட்டு விலகினேன். "ஏன் சார், என்ன பிரச்சனை?" என்று கம்பெனி அதிகாரி போனில் மூன்று தடவை கேட்டார். "என்னால முடியாதுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. காரணத்தைச் சொன்னாலே கதையைச் சொன்ன மாதிரிதானே! அதற்கப்புறம் அந்த ஆபீசிலிருந்து கேஸ் கட்டுகள் வருவது பாதியாகிவிட்டது, அது வேறு விஷயம்.

அவரைப் பொய் சொல்லச் சொல்லியிருக்கணும் என்று நான் சொல்லவில்லை. வாயைத் திறக்கும் முன்பே, "அண்ணே, நான் கம்பெனிக்கும் வக்கீல்" என்று நான் சொல்லியிருக்கணும். வழக்கில் தனக்குள்ள தொடர்பைக் கட்சிக்காரரிடம் ஒளிக்காமல் சொல்லணும் என்று பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது.

என் ஜூனியர் ஒன்று படித்துக் காட்டினான். கலிபோர்னியாவில் 1984-இல் ஒரு தீர்ப்பு: இப்படி நலன் மோதினால், பாலிசிதாரர் தானே பார்த்து வைக்கும் வக்கீலுக்குக் கம்பெனிதான் ஃபீஸ் கட்டணுமாம். இங்கே உன் மைத்துனர் கைக்காசு போட்டுத்தான் வைக்கணும். கசக்கும், ஆனால் கோர்ட்டுக்கு ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டு, 'கம்பெனி கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்' என்று தீர்ப்பு வந்தால் இன்னும் கசக்கும். வசூலிக்கத் தனி வழக்குக்கூட வேண்டாம், தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லிக் கம்பெனி நேராக நிறைவேற்று மனு போட்டுவிடலாம்.

பாலிசி எந்தக் கம்பெனி என்று முதலில் கேட்டு எழுது. வாய்தா தேதியையும் எழுது. நான் பேனலில் இருக்கும் கம்பெனியாக இருந்தால், வண்டியில் யார் இருந்தார், எப்படி நடந்தது என்று எதையும் எழுதாதே. தர்மபுரியிலேயே நல்ல வக்கீல் ஒருவர் இருக்கிறார், அவரிடம் அனுப்பிவைக்கிறேன்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்