மெக்கன்சி நினைவுக் கூட்டத்துக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

ஜனவரி 4, பிரெய்ல் நாளன்று, நாம் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளி எழுத்து இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைய உழைத்த சர் குளூத்தா மெக்கன்சிக்காக நாம் வைத்த கூட்டம் நல்லபடியாக முடிந்தது. "நியூசிலாந்துக்காரருக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்டவர்களே அன்றைக்குப் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினீர்கள். தனித்தனியாகப் போன் போட்டுச் சொன்னால் யாராவது விட்டுப்போவார்கள், அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி ஓய்வுபெற்ற நம் நூலகர் அம்மாவுக்கு. அவரைப் பற்றிய பழைய பக்கங்களின் ஸ்கேனை, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரில் போட்டால் வெறும் குப்பையாகத்தான் வந்தது. அம்மா அதையெல்லாம் உட்கார்ந்து வாசித்து, தமிழில் விளக்கமும் சொல்லி, வாய்ஸ் மெசேஜாக அனுப்பினார், நடுநடுவே குக்கர் விசிலோடு. மெக்கன்சியின் கதை நமக்கு முழுதாகக் கிடைத்தது அப்படித்தான். 1895-இல் பிறந்தவர், அப்பா தாமஸ் மெக்கன்சி 1912-இல் நியூசிலாந்தின் பிரதமர். பிரதமர் மகன் என்றாலும் குதிரைப்படையில் சாதாரணச் சிப்பாய்தான். 1915 ஆகஸ்டில், முதல் உலகப் போரின்போது துருக்கியில் நடந்த கலிபோலிப் போரில், சுனுக் பேர் முகட்டில் நடந்த சண்டையில் இரண்டு கண்ணும் போயின, அப்போது வயது 20. லண்டனில், போரில் கண்ணிழந்தவர்களுக்கான செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்தில் சேர்ந்து பயிற்சி பெற்றார், தன் நாட்டுப் படைவீரர்களுக்கான பத்திரிகையை நடத்தினார், ஊருக்குப் போய் 1921-இல் எம்.பி.யும் ஆனார். அடுத்த வருஷமே தோற்றார், அது வேறு கதை.

நமக்கு முக்கியமான பகுதி டேராடூன். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக அங்கே ஒரு செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லம் வந்தது, அதை நடத்தியவர் இவர். வேலை கற்றுக்கொள், பிரெய்ல் படி என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் போரில் கண்ணைக் கொடுத்த ஒருவர் எதிரே உட்கார்ந்து சொல்லும்போது அதைத் தட்டிக்கழிக்க முடியாது என்று கூட்டத்தில் பேசிய முன்னாள் ராணுவ அண்ணன் சொன்னாரே, அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த அண்ணனும் போரில் ஒரு காலை இழந்தவர். பேசக் கூச்சம் என்று சொல்லிவிட்டு வந்து நன்றாகவே பேசினீர்கள் அண்ணா, ரொம்ப நன்றி.

அந்த இல்லத்தை 1950-இல் அரசு எடுத்துக்கொண்டு பார்வையற்ற பொதுமக்களுக்கான பயிற்சி மையமாக்கியது, பிறகு அது தேசிய நிறுவனமாக வளர்ந்தது. அங்கே படித்த நம் தம்பி போனில் வந்து பேசியதுதான் பலருக்குப் பிடித்திருந்தது. சிக்னல் சொதப்பியும் விடாமல் மறுபடி மறுபடி வந்தாயே, நன்றிப்பா.

அப்புறம் பாளையங்கோட்டை ஆசிரியர். 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் அங்கே பார்வையற்ற சிறுவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து எடுத்து, ஊருக்கு ஒரு பிரெய்ல் இருந்த குழப்பத்தை அழகாக விளக்கினார். அதைத் தீர்க்க 1949-இல் இந்தியா, ஐ.நா.வின் கல்வி, பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவிடம் போனது, அங்கே அந்த வேலையைப் பார்த்தவர் மெக்கன்சி. 1950-இல் பாரிஸ், 1951-இல் பெய்ரூட் என்று கூடிப் பேசி, அந்த வருஷமே இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் வந்தது. இன்று நாம் 'க' என்று தடவுவது 1, 3 புள்ளிகள். ஆங்கில 'கே'யும் அதேதான், இந்தி 'க'வும் அதேதான். இதை மெக்கன்சி ஒருவரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது, லால் அத்வானி போன்ற பார்வையற்ற இந்தியர்களின் உழைப்பையும் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் அழுத்திச் சொன்னார். எனக்கும் அதே கருத்துதான்.

மெக்கன்சி 1966-இல் ஆக்லாந்தில் காலமானார். அவரைப் பற்றி நம் விரலுக்குத் தமிழில் ஏதாவது வேண்டும் என்றதும் சிறு புத்தகத்தை பிரெய்லில் அச்சடித்துக் கொடுத்த நண்பருக்கு எப்படி நன்றி சொல்வது? மெல்லிய தாள் வேண்டவே வேண்டாம், புள்ளி அமுங்கிவிடும் என்று தடித்த தாளுக்கு அலைந்தார். எழுத்துப்பிழை பார்த்த இரு தங்கைகளும் விரல் மரத்துப்போகும் வரை விடவில்லை.

கொஞ்சம் பிரதிகள் மீதமிருக்கின்றன, வேண்டுபவர்கள் சொல்லுங்கள். வாங்கிப் போனவர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். பெட்டிகளை ஏற்றி வந்த ஆட்டோ அண்ணன் இன்னும் வாடகை வாங்கவில்லை, கேட்டால் அப்புறம் பார்க்கலாம் என்கிறார். யாராவது அவரைப் பிடித்து வாங்க வையுங்கள்.