பத்துப் படம் வேண்டாம், ஒரு ராத்திரி போதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எங்கள் தோட்டத்து ஆலயத் திருவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலாளர் அண்ணன், இளைஞர் பகுதித் தம்பி தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டுத் திருவிழாவில் ராட்டினம், பலூன் சுடும் கடை எல்லாம் போக, ‘திரையுலகச் சவாரி’ ஒன்றும் வைக்கப் போவதாக வாட்சப் குழுவில் போட்டிருந்தீர்கள். டிராக்டருக்குப் பின்னால் ஒரு பெட்டி, பெட்டிக்குள் பெஞ்சு. ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் செம்பனை வரிசையில் தார்ப்பாய் போட்டு ஒரு குகை. குகைக்குள் பத்துத் தமிழ்ப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டவுட், ஒரு எல்இடி திரை, ஒரு பாட்டு. ஆளுக்கு ஐந்து வெள்ளி. அலங்காரத்துக்கு என்னிடம் மதிப்பீடு கேட்டிருக்கிறீர்கள். விலையைச் சொல்லுமுன் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். குழுவுக்கு மட்டும் எழுதாமல் ஊருக்கே தெரிய எழுதக் காரணம், நன்கொடை கொடுத்தவர்களில் பாதிப் பேர் என் கடைக்கு வந்து, “என்னதான் செய்யப் போறீங்க?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மணவறை கட்டுவது என் தொழில் என்று உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூர் செந்தோசாவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சினிமாப் பூங்காவுக்குப் போனால் ரைடில் ஏறுவதைவிட அதன் வரிசையில் நிற்பதுதான் எனக்குப் பிடிக்கும். சுவரைத் தட்டிப் பார்ப்பேன். புதுச் சுவரில் ஆயிரம் வருட அழுக்கை எப்படிப் பூசியிருக்கிறார்கள் என்று மூக்கு உரசும் தூரத்தில் நின்று பார்ப்பேன். கூட வந்த பிள்ளைகள் தெரியாதவர்கள் மாதிரி தள்ளி நிற்பார்கள். அந்தப் பைத்தியம் கொடுத்த துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் திட்டத்தில் எனக்குப் புரியாதது ஒன்றுதான். பெட்டியில் உட்கார்ந்து வருகிறவர் யார்? படம் பார்க்க வந்தவரா, படத்துக்குள் நுழைந்தவரா? இதற்குப் பதில் இல்லாவிட்டால் குகைக்குள் எவ்வளவு கொட்டினாலும் அது ஓடுகிற பெட்டியில் உட்கார்ந்து டிரெய்லர் பார்க்கிற வேலைதான். டிரெய்லர் எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது, சும்மாவே.

பெரிய ஆட்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1955-இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது ஸ்னோ ஒயிட் கதைக்கு ஒரு சவாரி வைத்தார்கள். ஏறுகிறவர்தான் ஸ்னோ ஒயிட் என்பது அமைத்தவர்களின் எண்ணம். காட்டு மரங்கள் கை நீட்டுவது உங்களைப் பார்த்து, சூனியக்காரி ஆப்பிளை நீட்டுவது உங்களிடம். அருமையான யோசனை. ஆனால் ஏறியவர்களிடம் அதை யாரும் சொல்லவில்லை. இறங்கியவர்கள், “ஸ்னோ ஒயிட்டைக் காணோமே!” என்று கேட்டார்கள். கடைசியில் 1983-இல் புதுப்பித்தபோது அவளையும் பொம்மையாகச் செய்து உள்ளே வைத்துவிட்டார்கள். அந்தப் பழைய யோசனை தவறு என்று நான் நினைக்கவில்லை. வரிசையில் நிற்கும்போதே ‘இப்போது நீதான் அவள்’ என்று உணர்த்தியிருந்தால் பொம்மைக்கு வேலை இருந்திருக்காது.

அதற்கு நேர் எதிர், 2011-இல் அதே கலிபோர்னியாவில் டிஸ்னி திறந்த ‘லிட்டில் மெர்மெய்ட்’ சவாரி. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான படம். அதை முதலிலிருந்து கடைசிவரை ஆறு நிமிடத்தில் ஒப்பிக்கிறார்கள். பாட்டுக் காட்சி கண்ணைப் பறிக்கும், ஆயிரம் மீன்கள் ஆடும். ஆனால் வில்லி அழிகிற கட்டம், படத்தின் உயிர்நாடி, பெட்டி திரும்பும் நேரத்தில் கடந்து போய்விடுகிறது. கதையை முழுசாகச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு படத்துக்கே இந்தக் கதி என்றால், பத்துப் படத்தைப் பத்து நிமிடத்தில் அடைக்கிற நம் கதி என்ன, தலைவர் ஐயா?

படமே இல்லாமல் செய்த சவாரிதான் இந்த உலகத்தில் ராஜா. ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ சவாரி திறந்தது 1967-இல். படம் வந்தது 2003-இல். சவாரியைப் பார்த்துத்தான் படம் எடுத்தார்கள், பிறகு 2006-இல் படத்தின் நாயகனைக் கொண்டுவந்து சவாரிக்குள் வைத்தார்கள். அதில் ஒரு காட்சி: சிறைக்குள் கடற்கொள்ளையர்கள், வெளியே ஒரு நாய், வாயில் சிறைச் சாவி. ஒருவன் எலும்பை நீட்டி நாயைக் கொஞ்சுகிறான். நாய் அசைவதாக இல்லை. படகு அந்த இடத்தைக் கடக்கச் சில விநாடிகள்தான் ஆகும். யார் இவர்கள், ஏன் உள்ளே இருக்கிறார்கள், என்ன வேண்டும், கிடைக்குமா, எல்லாம் புரிந்துவிடுகிறது. ஒரு வார்த்தை வசனம் தேவையில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும், காது கேட்காத பாட்டிக்கும் புரியும். நம் குகையில் வைக்கப் போகிற ஒவ்வொரு பொம்மையையும் இந்த நாயோடு நிறுத்திப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இடுப்பில் கை வைத்து நிற்கிற கட்டவுட் எதைச் சொல்கிறது? அந்த நடிகர் உயரமானவர் என்பதைத் தவிர?

சிங்கப்பூருக்கு வருவோம். நம்மவர்களில் பலர் பார்த்த இடம். எகிப்துக் கல்லறைப் பிணம் எழுந்து வருகிற ‘மம்மி’ படத்தை வைத்துச் செய்த ரோலர் கோஸ்டர் அங்கே யுனிவர்சலில் 2010 முதல் ஓடுகிறது. அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் 2004 முதல். கோஸ்டரின் குணம் இரண்டிலும் ஒன்றுதான்: மெதுவாகக் கல்லறைக்குள் கொண்டுபோவார்கள், முட்டுச் சந்தில் நிறுத்துவார்கள், பின்னால் இழுப்பார்கள், அப்புறம் இருட்டில் எறிவார்கள். கதை மட்டும் வேறு. ஒர்லாண்டோவில் நீங்கள் நுழைவது ஒரு படப்பிடிப்புத் தளம்; மம்மிப் படத்தின் அடுத்த பாகம் எடுக்கிறார்கள், சாபம் உண்மையாகிவிடுகிறது என்று வேடிக்கையாகப் போகும். பாதி வழியில் இறங்குகிற மேடை மாதிரி ஒன்று வரும், முடிந்துவிட்டது என்று மூச்சு விடுவீர்கள், அங்கேதான் ஆபத்து. சிங்கப்பூரில் அந்தப் படப்பிடிப்பு விளையாட்டெல்லாம் கிடையாது. வாசலில் வானளவு நரித்தலைக் காவல் தெய்வங்கள், உள்ளே இருண்ட கல் வழி, நேராகக் கல்லறைதான். எனக்குச் சிங்கப்பூர் அமைப்புத்தான் பிடிக்கும். கண் சிமிட்டிக்கொண்டே பயமுறுத்தினால் பயம் பாதியாகிவிடுகிறது என்பது என் கட்சி. ஆனால் அந்தப் பொய் மேடை இருக்கிறதே, அதற்கு ஒர்லாண்டோக்காரனுக்குக் கை கொடுக்க வேண்டும். அதை நான் நமக்காகத் திருடப் போகிறேன், கீழே சொல்கிறேன்.

அதே சிங்கப்பூரில் 2011 டிசம்பரில் உலகத்திலேயே முதலாகத் திறந்தது, ரோபோக்கள் மோதிக்கொள்ளும் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ படத்தின் சவாரி. வரிசையே ஒரு ராணுவத் தளம். நீங்கள் புதிதாகச் சேர்ந்த வீரர்கள். ஏறுகிற வண்டியும் ஒரு ரோபோ, அதற்குப் பெயர் உண்டு, குரல் உண்டு, உங்களைக் காப்பாற்றுவது அதன் கடமை. அங்கே திரைகள்தான் எல்லாம். ஆனால் திரையில் ரோபோ அடித்தால் வண்டி அதே நொடியில் குலுங்கும், முகத்தில் காற்று அடிக்கும். அந்த ஒற்றுமைதான் அதன் உயிர். நம் டிராக்டர் கல்லில் ஏறினால் குலுங்கும். திரையில் அந்த நேரம் நாயகி டூயட் பாடிக்கொண்டிருப்பாள். எல்இடி திரை வாடகையை மிச்சம் பிடியுங்கள்.

நமக்கு வழிகாட்டி, என் கணக்கில், ‘ஜாஸ்’ சுறாச் சவாரிதான். 1975-இல் வந்த படம். ஒர்லாண்டோவில் 1990-இல் சவாரியைத் திறந்தபோது இயந்திரச் சுறா ஓயாமல் மக்கர் பண்ணியது. பிரித்து மாற்றி 1993-இல் திரும்பத் திறந்து, 2012 ஜனவரி வரை ஓட்டினார்கள். ஜப்பானின் ஒசாகாவில் இன்னும் இருக்கிறது. அதில் படத்தின் கதையை யாரும் சொல்வதில்லை. சுறா வந்த ஊரைச் சுற்றிக் காட்டுகிற படகில் சுற்றுலாப் பயணியாக ஏறுகிறீர்கள். உண்மையிலும் நீங்கள் சுற்றுலாப் பயணிதானே! நடிக்க வேண்டியதே இல்லை. படகோட்டுகிறவர் ஒரு நடிகர். சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டு வருகிறவரின் குரல் திடீரென்று மாறும். படகை ஒரு இருட்டுக் கொட்டகைக்குள் ஒளித்து வைப்பார். வெளியே ஏதோ மோதும் சத்தம். சுறாவைவிட அந்தக் கொட்டகைதான் பயம். டிராக்டர் ஓட்டுகிறவருக்கு ஒரு மைக் கொடுக்க நமக்கு எவ்வளவு செலவாகும்?

படத்தின் பெயரை நம்பிப் பிழைக்க முடியாது என்பதற்குக் கெந்திங் மலையே போதும். 2013-இல் ஃபாக்ஸ் படநிறுவனத்தின் பெயரில் அறிவித்த பூங்கா. 2018-இல் விவகாரம் நீதிமன்றம் போனது, 2019-இல் சமரசம் ஆனது, 2022 பிப்ரவரியில் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில் திறந்தது. அங்கே ‘ஐஸ் ஏஜ்’, ‘ரியோ’, ‘ரோபோட்ஸ்’ பகுதிகள் இருக்கின்றன. அந்தப் படங்களை எடுத்த புளூ ஸ்கை ஸ்டூடியோ பூங்கா திறப்பதற்கு முந்தின ஆண்டே மூடப்பட்டுவிட்டது. 2005-இல் வந்த ‘ரோபோட்ஸ்’ படத்தை இன்றைக்கு ஏறுகிற பிள்ளை பார்த்திருக்காது. அது ரசிப்பது துருப்பிடித்த தகர ஊரைத்தான். நமக்குப் பக்கத்தில், ஈப்போ மேரு ராயாவில், அனிமேஷன் பாத்திரங்களை வைத்து 2017-இல் ஒரு பூங்கா திறந்ததும் 2020 தொடக்கத்தில் மூடியதும் நினைவிருக்கும். அதன் கணக்கு வழக்கை நான் இங்கே இழுக்கவில்லை. படத் துண்டையும் பாட்டையும் காசு வாங்கிக்கொண்டு போட உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதை மட்டும் செயலாளர் அண்ணன் காதில் போட்டுவைக்கிறேன். அது போக, எந்தப் பத்து நடிகர் என்று முடிவு செய்கிற கூட்டத்துக்கு நான் வர மாட்டேன். ரஜினி கட்டவுட் அரை அடி கூடிவிட்டது என்று திருவிழா முடிந்து ஒரு வருடம் பேசுவார்கள்.

என் யோசனை இதுதான். பத்துப் படத்தை விடுங்கள். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட ஒரு ராத்திரியை எடுத்துக்கொள்வோம்.

சவாரிக்கு வருகிறவர்கள் லயத்துப் பிள்ளைகள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகள். படம் பார்க்கப் போகிறார்கள். வரிசை நிற்கும் இடமே ஒரு லயத்து வீட்டு வாசல்: கொடியில் காயும் வேட்டி, மண்ணெண்ணெய் விளக்கு, கவிழ்த்து வைத்த ரப்பர் பால் வாளி, சுருட்டிய பாய். டிக்கெட்டோடு ஆளுக்கு ஒரு சின்னப் பாய்த் துண்டு கொடுப்போம், பெட்டியில் அதன்மேல்தான் உட்கார வேண்டும். கையில் பாய் வந்த நிமிடமே தாங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். டிராக்டர்க்காரர் தோட்டத்து டிராக்டர்க்காரராகவே பேசட்டும். “சத்தம் போடாதீங்க, கிராணி ஐயா வீட்டுப் பக்கம் போறோம்” என்று ஆரம்பித்தால் போதும்.

செம்பனைக்குள் நுழைந்ததும் தூரத்தில் ஒலிபெருக்கியில் வசனம் போன்ற இரைச்சல், மரங்களுக்கு மேல் மினுங்கும் வெளிச்சம். திடல் வந்துவிட்டது என்று டிராக்டர் நிற்கும். இங்கேதான் ஒர்லாண்டோக்காரனின் பொய் மேடை. பிள்ளைகள் இறங்க எழும்போது ஜெனரேட்டர் செத்துவிடும். வெளிச்சம் போய்விடும். டிராக்டர்க்காரர், “உட்காருங்க” என்பார், குரல் மாறியிருக்கும். இருட்டில் காய்ந்த மட்டை முறிகிற சத்தம். புலியா, பன்றியா, பக்கத்து லயத்துக் குடிகாரனா? சொல்ல வேண்டாம். எதையும் காட்டவும் வேண்டாம்.

பிறகு புரொஜெக்டர் பட்டென்று உயிர் பெறும். பெட்டி நிற்பது சரியாகப் புரொஜெக்டருக்கும் துணிக்கும் நடுவே. துணியில் விழுவது ஏறி வந்தவர்களின் நிழல், ஆளுயரத்துக்கு மேல். ஒரு பிள்ளை கையைத் தூக்கினால் துணியிலும் ஒரு ராட்சதக் கை தூக்கும். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கூச்சல் அடங்கக் குறைந்தது ஒரு நிமிடம் விட வேண்டும் என்று டிராக்டர்க்காரருக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். நடிகர் யாரும் தேவையில்லை, உரிமை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, துணி என்னிடமே இருக்கிறது.

இன்னொன்று. இதில் நான் ஒரு அடி இறங்கி வர மாட்டேன். 1984 மே மாதம் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவின் பேய்க் கோட்டை ஒன்று எரிந்து எட்டு இளம் பிள்ளைகள் இறந்தார்கள். உள்ளே ஒரு விளக்கு வேலை செய்யவில்லை. வழி தெரிய ஒருவர் லைட்டரைப் பற்றவைத்தார். சுவரில் இருந்த ஃபோம் பிடித்துக்கொண்டது. நம் தார்ப்பாய்க் குகையும் தெர்மோகோல் பாறையும் அதே சரக்குதான். ஆகவே குகை கிடையாது; செம்பனையே கூரை. லயத்து விளக்குகள் பேட்டரி விளக்குகள். ஜெனரேட்டர் திடலின் மறு கோடியில், பக்கத்தில் தீயணைப்பான், ஆள் காவல். பெட்டிக்கு நான்கு பக்கமும் இடுப்புயரக் கம்பி, பின்னால் ஒருவர் டார்ச்சோடு. ‘பொய் இருட்டு’ வரும் இடத்தில் உண்மையான அவசர விளக்கின் சுவிட்ச் அவர் கையில். செம்பனை வரிசை தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். எழுத்தில் அனுமதி வாங்காமல் நான் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்.

மதிப்பீட்டை இரண்டு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: பத்துப் படத்துக்கு ஒன்று, ஒரு ராத்திரிக்கு ஒன்று. இரண்டாவது தாளின் தொகை முதல் தாளில் பாதிகூட வராது, நட்டம் எனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டையும் கொண்டு வருகிறேன். மண்டபத்து புரொஜெக்டரையும் ஒரு வெள்ளை வேட்டியையும் எடுத்து வையுங்கள், நிழல் எப்படி விழுகிறது என்று அங்கேயே காட்டிவிடுகிறேன். டிராக்டர் ஓட்டப் போகிறவரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். அவர் எப்படிப் பேசுகிறார் என்று நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர் மணவறைக்காரன்