சடை நாய்க்கு மொட்டை அடிக்காதடி

அடியே,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், பாதி நீ பேசுற, பாதி உன் நாய் குலைக்கிது. போன் போட்டா இங்க டவர் விட்டு விட்டு வருது, அதான் மத்தியானம் சாப்ட்டு உக்காந்து டைப் பண்றேன்.

இங்க எல்லாரும் சௌக்கியம். இவருக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, டாக்டர் நடக்கச் சொன்னா வரப்புல நடக்குறேன்ல அது போதாதாங்கிறாரு. மேட்டூர் தொறக்குறது ஜூன் 12ன்னு கணக்கு இருந்தாலும் நம்ம மன்னார்குடி பக்கம் வாய்க்கால்ல தண்ணி வந்து சேந்தாதானே நமக்கு நிஜம், போர் வச்சிருக்கவங்க மட்டும் குறுவைக்கு நாத்து விட்டுட்டாங்க. தண்ணி வந்தா எனக்கு வேலை டபுள், எங்க நாய் மணி வாய்க்கால்லயே குடித்தனம் பண்ணும்.

சரி விஷயத்துக்கு வரேன். உன் பையன் கனடா போறப்ப சடை நாய உன் தலைல கட்டிட்டுப் போயிட்டான், கும்பகோணம் வெயில்ல அது இரைக்கிறத பாத்து உனக்கு மனசு கேக்கல, மொட்டை அடிச்சிரலாமான்னு கேக்குற. வேண்டாம்டி. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, பாதத்துல கொஞ்சம் வேர்க்கும், மத்தபடி நாக்கத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளிய தள்ளும். அதனால முடிய எடுத்தா காத்துப் பட்டு ஜில்லுன்னு ஆயிடும்ங்கிறது நம்ம நெனப்புதான். உன்னது மாதிரி சடை நாய்க்கு ரெண்டு அடுக்கு முடி, மேல நீளமா கொஞ்சம் முரடா ஒண்ணு, அடில பஞ்சு பஞ்சா ஒண்ணு. மேல இருக்குறது வெயில் நேரா தோல்ல படாம பாத்துக்கும், அத ஒட்ட வழிச்சுட்டா தோல் வெந்து போகும், அதோட இந்த ஜாதிக்கு சில சமயம் முடி திரும்ப ஒழுங்காவே மொளைக்காது, திட்டுத் திட்டா நிக்கும். பாதத்துக்கு நடுவுல, பின்பக்கம் அசிங்கம் ஒட்டுற எடத்துல மட்டும் கத்திரில மெதுவா வெட்டி விடு, அது போதும்.

அதுக்கு வேண்டியது சீப்பு. நீ வச்சிருக்குற பிரஷ் மேலாக்கத்தான் போகும், பாக்க மொழுமொழுன்னு இருக்கும், உள்ள கட்டி கட்டியா சிக்கு கெடக்கும். பல்லு நீளமா இருக்குற இரும்புச் சீப்பா வாங்கு. முடிய ஒரு கையால மேல ஒதுக்கிப் புடிச்சுக்கிட்டு, தோல் தெரியிற அளவுக்கு வகிடு எடுத்து, கீழேருந்து கொஞ்சம் கொஞ்சமா சீவிக்கிட்டே மேல வா. காதுக்குப் பின்னாடி, அக்குள், தொடை உள்பக்கம், இங்கதான் சிக்கு ஜாஸ்தி. குளிப்பாட்டுறதுக்கு முன்னாடியே சிக்கு எடுத்துடணும்டி, தண்ணி பட்டா அது இறுகிடும், அப்புறம் கத்திரிதான். உதிர்ற பஞ்சு முடி வெளிய வந்துட்டாலே காத்து உள்ள போகும், அது இரைக்கிறதும் கொறையும்.

எனக்கு சீவுறதே உண்ணி தேடத்தான், மணிக்கு குட்டை முடி, சிக்குங்கிற பேச்சே இல்ல, வயக்காட்டுக்குப் போயிட்டு வந்தா நாயுருவி வெதை மட்டும் வயித்துல வரிசையா ஒட்டிட்டு வரும். ஆனா தெனம் சாயங்காலம் வெரல உள்ள விட்டுத் தடவிப் பாத்துருவேன். காதோட மடிப்புல, கழுத்துப் பட்டைக்கு அடில, வெரல் இடுக்குல. மொதல்ல மிளகு சைஸ்ல ஏதோ தட்டுப்படும், ஒதுக்கிப் பாத்தா சாம்பக் கலர்ல உப்பிப் போயி கால ஆட்டும். சின்ன இடுக்கியால தோல ஒட்டிப் புடிச்சு நேரா இழு, திருகாத, நசுக்காத, சோப்புத் தண்ணில போட்டுடு. எங்க மாமியார் மண்ணெண்ணெய் வைக்கச் சொல்லும், தேங்காண்ணைல கற்பூரம் கலந்து தடவச் சொல்லும், ரெண்டும் ஆகாது, நாய் நக்கும், கற்பூரம் அதுக்கு விஷம். வாயத் தொறந்து ஈறையும் பாரு, வெளுத்திருந்தா, சாப்புடாம சுருண்டு கெடந்தா, மூக்குல ரத்தம் வந்தா உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், அன்னிக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ. ஒரத்தநாட்டுல கால்நடை காலேஜ் இருக்கு, உனக்குத் தூரம்தான், இருந்தாலும் தெரிஞ்சு வச்சுக்க. உண்ணி வராம கழுத்துல விடுற சொட்டு மருந்து எடை பாத்துக் குடுப்பாங்க, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. அப்புறம் உண்ணி நாய் மேல மட்டும் இருக்காதுடி, செவுத்து வெடிப்புல போயி ஆயிரக்கணக்குல முட்டை போடும். உங்க பழைய வீட்டு திண்ணைய நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு.

குளியல் மாசத்துக்கு ஒரு தடவ போதும், நம்ம ஷாம்பு போடாத, அதுக்குத் தோல் வேற, வறண்டு சொறிய ஆரம்பிச்சிடும். கழுவுறதவிட காய வைக்கிறதுதான் முக்கியம், அடி முடி ஈரமா இருந்தா ஐப்பசி கார்த்திகை மழைல புண்ணே வந்துடும், அதான் மழைக்காலத்துல துண்டால ஒத்தி ஃபேன் அடில உக்கார வச்சிரு. மணிக்குத் தொங்குற காது, வாய்க்கால்ல குதிச்சுட்டு வந்தா பஞ்சால தொடைக்கலன்னா புளிச்ச வாடை அடிக்கும். உன்னதுக்கு வெறச்ச காது, அந்தத் தொல்லை கம்மி. பட்ஸ் மட்டும் உள்ள விடாத.

நகம்தான் பயமா இருக்குன்ன. வெள்ளை நகமா இருந்தா உள்ள ரோஸ் கலர்ல ரத்த ஓட்டம் தெரியும், அதுக்கு முன்னாடியே நிறுத்திடு. கறுப்பு நகம்னா துளித்துளியா வெட்டு. ரத்தம் வந்துட்டா கான்ஃப்ளவர் மாவ வச்சு அழுத்திப் புடி, நின்னுடும். டைல்ஸ் தரைல நடக்குற நாய்க்கு நகம் தேயாது, அதுலயும் முன்னங்கால் உள்பக்கம் மேல ஒரு நகம் இருக்கும் பாரு, அது தரையவே தொடாது, விட்டா வளைஞ்சு சதைக்குள்ளயே குத்திக்கும். இன்னிக்கே அத பாரு. ஒரே நாள்ல நாலு காலும் முடிக்கணும்னு இல்ல, ஒரு கால் வெட்டி ஒரு துண்டு கேரட் குடு, மிச்சம் நாளைக்கு.

பல்லுக்கு நம்ம பேஸ்ட் வேண்டாம், சிலதுல சைலிட்டால்னு ஒரு இனிப்பு இருக்கும், நாய்க்கு உயிருக்கே ஆபத்து.

ஆவணில எங்க சின்னவளுக்கு வளைகாப்பு வச்சிருக்கோம், நீ வந்தே ஆகணும். நாய யார்கிட்ட விடுறதுன்னு சாக்கு சொல்லாத, கூட்டிட்டு வா, கார்ல வந்துடலாம். வரதுக்கு முன்னாடி சொட்டு மருந்து மட்டும் விட்டுட்டு வா, எங்க மாட்டுக்கொட்டாய நம்ப முடியாது.