பிரக்டிஸுக்கு வந்த நாளை எண்ணினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை உதைபந்தாட்ட அணியில் யாரை இறக்குவது என்பதைப் பிரக்டிஸ் மட்டுமே தீர்மானிக்க வேண்டும் என்று சென்ற வாரம் தங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அமெரிக்கக் கல்லூரிகளில் அதுதான் வழக்கமாம். முப்பத்தொரு வருடம் மலையகப் பாடசாலைகளில் விசில் ஊதியவன் நான். எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

அந்த அமெரிக்க விளையாட்டைப் பேரனின் புண்ணியத்தில் யூடியூபில் பார்த்திருக்கிறேன். பெயர்தான் புட்போல், பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. அங்கே கல்லூரி என்றால் பல்கலைக்கழகம். இங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளையும் கல்லூரிக்குத்தான் போகிறது. சரி, அது கிடக்கட்டும்.

2018 ஜனவரியில் நடந்த அவர்களுடைய தேசிய இறுதிப் போட்டியில், இடைவேளையின்போது அலபாமா அணி ஜோர்ஜியாவிடம் 13–0 என்று பின்தங்கியிருந்தது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் 'குவார்ட்டர்பேக்' இடத்தில் அந்தப் பருவம் முழுக்க முதல் ஆளாக இறங்கிய ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, முதலாம் வருட மாணவன் டுவா டகோவைலோவாவை இறக்கினார் பயிற்றுநர் நிக் சேபன். மேலதிக நேரத்தில் 26–23 என்று வென்றார்கள். பிரக்டிஸே கடைசித் தீர்ப்பு என்றால் ஹர்ட்ஸ்தானே கடைசிவரை ஆடியிருக்க வேண்டும்? அதற்காக சேபன் குருட்டுத் துணிச்சலில் செய்தார் என்றும் சொல்ல முடியாது. வெற்றி உறுதியான ஆட்டங்களில், கடைசிப் பகுதியில் அந்தப் பையனை அந்தப் பருவத்திலேயே இறக்கிப் பார்த்திருந்தார்கள்.

இன்னொன்று. அங்கே ஓர் அணியில் 85 பேர் வரை உதவித்தொகையில் படித்தார்கள். போட்டிக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் பயிற்சி கொடுக்கக் கூடாது என்று விதியே போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அதில் கால்வாசி கிடைத்தால் பெரிய காரியம். நான் இருந்த பாடசாலையில் பதினெட்டுப் பையன்கள், மூன்று பந்து. அதில் ஒன்று காற்றுப் போகும். மைதானத்தின் ஒரு மூலை சரிவு. ஜூன், ஜூலையில் மூடுபனி இறங்கினால் எதிர்க் கோல்கம்பம் தெரியாது.

என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. பிரக்டிஸுக்கு வந்தவன் பெயருக்கு நேரே ஒரு கோடு. பத்து நாளில் எட்டுக் கோடு இல்லாதவனுக்கு மெட்ச் இல்லை. அதிபரின் சொந்தக்காரப் பையன் என்றாலும் இதே கணக்குத்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

1998இல் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிசனிலிருந்து ஒரு பையன் வந்தான். இடைவேளையில் வெறுங்காலோடு அவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் நாலு பேர் சேர்ந்தும் பறிக்க முடியாது. பாடசாலை ஒன்றரைக்கு விடும், பிரக்டிஸ் மூன்று மணிக்கு. அவனுடைய தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் நான்கு பத்துக்கு. அதை விட்டால் தேயிலை மலைக்குள்ளால் இரண்டு மணித்தியாலம் நடக்க வேண்டும், இருட்டில், அட்டைக்கடியோடு. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வருவதற்குள் தண்ணீர் எடுத்து வைத்து, தங்கச்சியைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து, அதாவது தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்திலிருந்து, கூட்டி வருவதும் அவன் வேலை. கொப்பியில் அவனுக்கு நாலு கோடு. வலயப் போட்டிக்கு அவனை எடுக்கவில்லை. டவுனில், மைதானத்துக்குப் பக்கத்திலேயே வீடு உள்ள பையனுக்குப் பத்துக் கோடு, அவனை இடது பக்கம் ஆடவிட்டேன். 2–0 என்று தோற்றோம். மற்றவன் ஆடியிருந்தால் வென்றிருப்போம் என்று சொல்லமாட்டேன். எதிரணி எங்களைவிடத் திறமான அணி.

இப்போது அவன் ஹட்டனில் த்ரீவீலர் ஓட்டுகிறான். அவனுடைய வண்டியில் சில நாள் ஏறியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் அந்த மெட்ச் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினான். "அன்னைக்கு லெப்ட்ல ஆடினவன் இடது காலால பந்தத் தொடவே இல்ல, சேர்." அவ்வளவுதான். வாடகையை மட்டும் ஐந்து ரூபாய் குறையாமல் வாங்கிக்கொண்டான்.

அவன் சொன்னது உண்மை. பிரக்டிஸில் எவன் எந்தக் காலால் அடிக்கிறான், பந்து பறிபோனதும் திரும்பி ஓடுகிறானா இடுப்பில் கை வைத்து நிற்கிறானா என்று நான் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது வருகையை. வருகை எடுப்பதற்கு வகுப்பாசிரியர் இருக்கிறாரே.

பிரக்டிஸே வேண்டாம் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு வருடம் நன்றாகக் கோல் போடும் ஒருவன், 'நான் இல்லாமல் சேர் என்ன செய்வார்' என்று கடைப் படியில் உட்கார்ந்துகொண்டு பிரக்டிஸுக்கு வராமல் இருந்தான். அவனை நிறுத்தினேன். தகப்பன் வந்து சண்டை பிடித்தார். அந்த முடிவுக்காக இன்றுவரை வருந்தவில்லை. வர முடியாதவனையும் வர விரும்பாதவனையும் ஒரே கோட்டால் அளந்ததுதான் என் பிழை.

இன்று பயிற்சி கொடுக்கும் இளம் ஆசிரியர்கள் கிழமையில் ஒரு நாளாவது பிரக்டிஸை முழு மெட்ச் போல வைத்துப் பார்க்கலாம், கோனுக்கு நடுவே ஓடுவதில் எல்லாப் பையனும் கெட்டிக்காரன்தான். சிநேகபூர்வ ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கடைசி இருபது நிமிடத்தைக் கொடுங்கள். பெரிய போட்டிகளிலேயே 2020இல் கொரோனாவுக்காக ஐந்து மாற்று வீரர்களை அனுமதித்து, 2022இல் அதை நிரந்தர விதியில் சேர்த்துவிட்டார்கள். சிநேக ஆட்டத்தில் நாம் ஏன் கஞ்சத்தனம் பிடிக்க வேண்டும்? தூரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலைப் பிரக்டிஸ் வசதி. பழைய மாணவர் சங்கங்கள் கிண்ணம் வாங்கும் காசில் கொஞ்சத்தை பணிஸுக்கும் பிளேன்டீக்கும் ஒதுக்கினால் நல்லது, வெறும் வயிற்றோடு ஓடுகிறவனை வைத்து எதை எடை போடுவது?

அந்த நான்கு பத்து பஸ் இன்றும் நான்கு பத்துக்குத்தான் போகிறது. டிப்போவில் உள்ளவர்கள் யாராவது இதை வாசித்தால், பிரக்டிஸ் உள்ள நாட்களிலாவது ஐந்தேகாலுக்கு எடுக்க முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர்,
கொட்டகலை.