டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் கேம் டைமிங் சரியாகிவிடாது: இன்ஜின் மறுசீரமைப்பு குறித்த புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்,
இன்ஜின் மறுசீரமைப்புப் பிரிவு.

பொருள்: நீங்கள் ஓவர்ஹால் செய்து கொடுத்த நான்கு சிலிண்டர் புஷ்ராட் இன்ஜினில் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கணக்கில் 18 டிகிரி பின்தங்கி ஓடுவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

உங்கள் பட்டறையில் முழு வேலையும் முடித்து வாங்கிய என் பழைய காரின் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிலும் நிற்கிறது. ஆனால் இழுவை இல்லை. சாதாரண மேட்டிலேயே கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது. 3000 ஆர்.பி.எம். தாண்டினால் கொஞ்சம் உயிர் வருகிறது. கூடவே நாக்கிங்கும் (கலவை தாறுமாறாக வெடிக்கும் தட்டல் சத்தம்) வருகிறது. இதைச் சொன்னபோது உங்கள் மெக்கானிக், ஸ்பார்க் எப்போது விழுகிறது என்று காட்டும் ஸ்ட்ரோப் லைட்டை அடித்துப் பார்த்துவிட்டு, "டைமிங் பத்து டிகிரியில் கச்சிதமாக நிற்கிறது, கார்பரேட்டரைப் பாருங்கள்" என்றார். அடுத்த முறை, ரன்னிங்-இன் (புது வேலை செய்த இன்ஜின் பழகும் ஓட்டம்) முடியட்டும் என்றீர்கள். அதற்கும் பிறகு பழி பெட்ரோல் மேல் விழுந்தது.

கார்பரேட்டரில் கோளாறு இல்லை. நான்கு பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்துவைத்துக் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்த்தேன். கையேடு 160 பி.எஸ்.ஐ. என்கிறது, நான்கு சிலிண்டரிலும் 120-ஐ ஒட்டியே வந்தது. சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தும் பெரிதாக ஏறவில்லை. ரிங் கசிந்தால் ஆயில் விட்டதும் ஏறும். வால்வு சரியாக உட்காரவில்லை என்றால் ஒன்றிரண்டு சிலிண்டர்தான் குறையும். நான்கும் ஒன்றுபோலக் குறைந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றில், அதாவது கேம் ஷாஃப்டில்தான் தவறு. கேம் பின்தங்கி, கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு தாமதமாக மூடுவதால், மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையைத் திரும்ப மேனிஃபோல்டுக்கே தள்ளுகிறது. குறைந்த வேகத்தில் இழுவை இல்லாமல் போவதற்கும், வேகம் கூடியதும் உயிர் வருவதற்கும் இதுதான் காரணம்.

ஊகத்தோடு நிறுத்தவில்லை, அளந்தேன். வாரண்டி விதிப்படி வெளியார் இன்ஜினைத் திறக்கக்கூடாது என்பதால் டைமிங் கவரைத் தொடவில்லை. ராக்கர் கவரை மட்டும் எடுத்தேன். கிராங்க் முனையில் டிகிரி சக்கரத்தை மாட்டினேன். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் ஸ்டாப்பரைப் போட்டு, கிராங்கைக் கையால் இரு பக்கமும் மெதுவாகத் திருப்பி, முட்டிய இரண்டு இடங்களுக்கும் நடுவை டி.டி.சி.யாக (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) எடுத்துக்கொண்டேன். உச்சியில் பிஸ்டன் சில டிகிரிகளுக்கு அசையாமலே நிற்பதால், பிளக் துளையில் கம்பியை விட்டுக் கண்ணால் பார்த்து டி.டி.சி. குறிப்பதை நான் நம்புவதில்லை. பிறகு ஸ்டாப்பரை எடுத்துவிட்டு, டேப்பெட் கிளியரன்ஸைப் (ராக்கருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி) பூஜ்யமாக்கி, இன்லெட் வால்வின் மேல், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்தேன். செயின் தளர்வு கணக்கைக் கெடுக்காதபடி ஓடும் திசையிலேயே திருப்பினேன். முழு லிஃப்டுக்கு (வால்வு முழுதாகத் திறக்கும் நிலை) 1.25 மி.மீ. முன்பு 84 டிகிரி, அதே அளவு இறங்கியபோது 168 டிகிரி. நடு 126. கையேட்டின்படி டி.டி.சி.க்குப் பின் 108-இல் வரவேண்டும். எக்ஸாஸ்ட் பக்கமும் இதே அளவு தாமதம்.

இந்த 18 ஒன்றும் தற்செயலான எண் அல்ல. இந்த இன்ஜினில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்கு (செயின் ஓடும் பல்சக்கரம்) 20 பல், கேமுக்கு 40. ஒரு பல் தவறினால் கிராங்க் கணக்கில் சரியாக 18 டிகிரி. செயினை மாட்டும்போது ஒரு பல் மாறியதா, அல்லது புது ஸ்ப்ராக்கெட்டில் கீ-வே (சக்கரத்தைத் தண்டில் பூட்டும் காடி) தவறான இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறதா என்பது கவரைத் திறந்தால் தெரிந்துவிடும். எதுவானாலும், மூடுவதற்கு முன் அளந்திருந்தால் அங்கேயே சிக்கியிருக்கும்.

எனக்கு அதிகம் கோபம் வந்தது இதற்கு அடுத்த விஷயத்தில்தான். ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது இதே கேம் ஷாஃப்ட். கேம் தாமதித்தால் ஸ்பார்க்கும் அதே அளவு தாமதிக்கும். உங்கள் ஆள் டிஸ்ட்ரிபியூட்டர் பாடியை 9 டிகிரி திருப்பி (அது கிராங்கின் பாதி வேகத்தில்தானே சுற்றுகிறது) ஸ்பார்க்கை மட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதன் வேக்குவம் டப்பா (இன்ஜினின் உறிஞ்சலால் ஸ்பார்க்கை முந்தவைப்பது) பிளாக்கில் முட்டிக்கொண்டு நிற்கிறது, கிளாம்ப் தன் காடியின் கடைசியில் இருக்கிறது. அனுபவமுள்ள யாருக்கும் அந்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஸ்ட்ரோப் லைட் ஸ்பார்க்கையும் புல்லிக் குறியையும் மட்டுமே காட்டும். வால்வு எப்போது திறக்கிறது, மூடுகிறது என்று அதற்குத் தெரியாது. தவறைத் தேடாமல் பூசி மெழுகியிருக்கிறீர்கள்.

அந்தப் புல்லிக் குறியையும் நம்ப முடியவில்லை. அதிர்வைத் தணிக்கும், ரப்பர் ஒட்டிய பழைய டேம்பர் புல்லியையே திரும்ப மாட்டியிருக்கிறீர்கள். வெளி வளையம் ரப்பரில் நழுவியிருக்கிறது, உண்மையான டி.டி.சி.க்கும் குறிக்கும் இடையே 6 டிகிரி வித்தியாசம். குறி பத்து என்று காட்டும்போது ஸ்பார்க் உண்மையில் டி.டி.சி.க்கு 16 டிகிரி முன்பே விழுகிறது. வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்டு 3000-இல் பார்த்தால் குறி 32 காட்டுகிறது. உண்மையில் அது 38. நாக்கிங் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுவே பதில். பாயிண்ட் கேப் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பார்க்கைத் தூண்டும் தொடுமுனைகளின் இடைவெளி) 0.4 மி.மீ. சரியாகவே இருக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் ரசீதில் "கேம் டைமிங் அளந்து அமைத்தல்" என்று தனி வரியாகக் கட்டணம் போட்டிருக்கிறீர்கள். அளந்த தாளைக் கேட்டேன், இதுவரை வரவில்லை.

உங்கள் செலவில் டைமிங் கவரைத் திறந்து, கேமைக் கையேட்டின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இன்லெட் முழு லிஃப்ட் எத்தனை டிகிரியில் வருகிறது என்பதை என் முன்னால் அளந்து எழுதித் தர வேண்டும். நழுவிய டேம்பரை மாற்ற வேண்டும். அதன்பிறகு டிஸ்ட்ரிபியூட்டரைப் புதிதாக அமைத்து, அட்வான்ஸை (ஸ்பார்க் டி.டி.சி.க்கு எத்தனை டிகிரி முன்பு விழுகிறது என்பதை) ஐடிலிலும் 3000-இலும் காட்ட வேண்டும். கேம் பின்தங்கினால் ஓவர்லாப் நேரத்தில் (இரு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும்போது) எக்ஸாஸ்ட் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி குறையும். ஆகவே ஹெட்டை இறக்கி, வால்வு முட்டிய தடம் பிஸ்டன்களில் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். இதைச் செய்யாமல் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். வாரண்டி காலமும் வேலை முடியும் நாளிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.

அதுவரை இன்ஜினை ஓட்டப்போவதில்லை. வண்டியை எடுத்துச்செல்லும் பொறுப்பும் உங்களுடையது. டயல் கேஜ் அளவுகள், கம்ப்ரெஷன் குறிப்புகள், டிஸ்ட்ரிபியூட்டர் நிற்கும் கோணத்தின் படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், இதே ஆவணங்களோடு நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன்.

இப்படிக்கு,
காரின் உரிமையாளர்