இரவுப் பணியில் இருந்த செவிலியர் அக்காவுக்கு நன்றி

மார்பகப் புற்றுநோயால் ஒரு பக்கத்தை அகற்றிய பின், அங்கே சிலிக்கோன் உள்வைப்பு பொருத்தி, அதற்கு இணையாக மறுபக்கத்தையும் தூக்கிச் சீரமைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான், வார்டில் இரவுப் பணியில் இருந்த செவிலியர் அக்காவுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அறுவைக் காயத்திலிருந்து வடிகுழாய் வழியாகச் சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்துக் குறித்துக்கொண்டே, அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகே குழாயை எடுப்பார்கள் என்று பொறுமையாக விளக்கினார். தலைப்பக்கத்தை உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மல்லாந்து படுக்க வைத்ததும், கையைத் தோளுக்கு மேல் தூக்காமல் முன்பக்கக் கொக்கி வைத்த பிராவை அணியப் பழக்கியதும் அவர்தான்.

கட்டுப் பிரித்த அன்று, இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லையே என்று நான் கலங்கியபோது, வீக்கம் வடிந்து, மேலேறி நிற்கும் உள்வைப்பு இறங்கிப் படியச் சில மாதங்கள் பிடிக்கும், சிவந்த தழும்பு மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்றார். காய்ச்சலோ, ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கமோ கண்டால் உடனே மருத்துவரிடம் வந்துவிட வேண்டும் என்று என் அம்மாவிடமும் அழுத்திச் சொன்னார். அந்த நேர்மையான பேச்சு எனக்கு மருந்துக்கு நிகரான தெம்பைத் தந்தது.

இன்று ரவிக்கை இரு பக்கமும் சீராகப் பொருந்துகிறது. தொடுவுணர்வு முழுதாகத் திரும்பவில்லை. அதையும் அவர் முன்பே சொல்லியிருந்ததால் நான் அதிரவில்லை.

அக்கா, பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். என் குடும்பத்தார் அனைவரின் மனமார்ந்த நன்றியையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.